அடைக்கூடையில் கூமுட்டை: கண்டறியவும் அகற்றவும் எளிய வழிகள்

"அடையில் இருக்கும் முட்டையைத் தொடாதே. தொட்டால் கூமுட்டையாகிவிடும்" என்று கிராமங்களில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். இதில் பாதி உண்மை உண்டு. கண்டவர்களும் கண்ட நேரத்தில் கூடையைக் கிளறினால் அடைக்கோழி மிரண்டு எழுந்துவிடும். முட்டைகள் குளிர்ந்து கரு இறந்துவிடும். அந்த அளவில் பெரியவர்கள் சொன்னது சரியே. ஆனால் அடை வைத்த நாள் முதல் 21 நாட்களும் கூடையின் பக்கமே போகாமல் இருந்துவிட்டால், கெட்டுப்போன ஒரே ஒரு முட்டை மற்ற நல்ல முட்டைகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுமார் 30 ஆண்டுகளுக்கு முன், விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிதில், தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்திற்கு அடிக்கடி போய் வருவேன். அங்கே ஒரு அம்மாள் அரை ஏக்கரில் கேழ்வரகு விதைத்து, இரண்டு ஆடுகளும் நான்கு கோழிகளும் வைத்துப் பிழைத்து வந்தார். ஒரு கோழிக்கு 13 முட்டைகள் அடை வைத்திருந்தார். பதினான்காம் நாள் நான் போனபோது, "சார், கூடையில ஏதோ வாடை வருது. ஒரு முட்டை வேர்த்த மாதிரி இருக்கு. எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். "தொடாதீங்கம்மா, கோழிக்குத் தெரியும்" என்று நான் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்த முட்டை கோழியின் அடியிலேயே வெடித்தது. நாற்றம் தாங்காமல் கோழி எழுந்துவிட்டது. 13 முட்டைகளில் பொரித்தவை 4. அவற்றிலும் 3 குஞ்சுகள் தொப்புள் வீங்கி ஒரு வாரத்திற்குள் இறந்தன. "தீபாவளிக்கு வித்துப் பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கலாம்னு இருந்தேன் சார்" என்று மட்டும் சொன்னார். என்னைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாளின் கண்ணும் மூக்கும் சரியாகவே சொல்லியிருந்தன. நான்தான் தவறாகச் சொன்னேன். அதன் பின் எந்த ஊரில் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசினாலும், கூமுட்டையைப் பற்றிப் பேசாமல் நான் திரும்புவதில்லை.

மூன்று வகை முட்டைகள்

பொரிக்காமல் போகும் முட்டைகள் எல்லாவற்றையும் நாம் கூமுட்டை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அவற்றில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, கரு கூடாத முட்டை. சேவல் சேராமல் இட்ட முட்டை இது. எத்தனை நாள் அடையில் இருந்தாலும் குஞ்சு உருவாகாது. கடையில் வாங்கும் பண்ணை முட்டைகளும் சேவலின்றி இடப்பட்டவையே. அவற்றை அடை வைத்துப் பயனில்லை.

இரண்டாம் வகை, கரு இறந்த முட்டை. சேவல் சேர்ந்து கரு வளரத் தொடங்கி, பின் வெப்பத்தாலோ குளிராலோ வேறு காரணத்தாலோ வளர்ச்சி நின்றுபோனது.

மூன்றாம் வகை, அழுகிய முட்டை. மேற்சொன்ன இரண்டு வகை முட்டைகளிலும், சில சமயம் நல்ல கரு உள்ள முட்டையிலும், ஓட்டின் வழியாகக் கிருமிகள் புகுந்து உள்ளே பெருகுவதால் இது உண்டாகிறது.

முதல் வகை முட்டை கூடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வகை மெல்ல மெல்ல மூன்றாம் வகையாக மாறக்கூடும். மூன்றாம் வகைதான் கூடை முழுவதற்கும் ஆபத்து. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த முட்டையை உடனே எடுக்க வேண்டும், எதை இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது எளிதில் விளங்கும்.

ஒரு முட்டை மற்றவற்றைக் கெடுப்பது எப்படி?

முட்டையின் ஓடு கல் போலக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. உள்ளே வளரும் குஞ்சு அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கோழி முட்டை இடும்போது ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று படிந்து காய்ந்துவிடும். இந்தப் பூச்சு கிருமிகளைத் தடுக்கிறது. முட்டையைக் கழுவினாலும், ஈரத்தில் கிடந்தாலும், எச்சம் ஒட்டிக் காய்ந்தாலும், கீறல் விழுந்தாலும் இந்தக் காவல் போய்விடும்.

அடைக்கோழியின் அடியில் இருக்கும் சூடு குஞ்சு வளர ஏற்றது. அதே சூடு கிருமிகள் பெருகவும் ஏற்றது. உள்ளே புகுந்த கிருமிகள் வெண்கருவையும் மஞ்சள் கருவையும் சிதைத்து, நாற்றமுள்ள கந்தக வாயுவை உண்டாக்குகின்றன. வாயுவின் அழுத்தம் கூடும்போது ஓட்டின் மேல் நீர் முத்து முத்தாகக் கசியும். அந்த அம்மாள் "வேர்த்த மாதிரி" என்று சொன்னது இதைத்தான். அழுத்தம் மேலும் கூடினால் கோழி புரட்டும்போது முட்டை வெடிக்கும்.

வெடித்த முட்டையின் நீர், பக்கத்து முட்டைகளின் மேல் படிந்து நுண்துளைகளை அடைக்கிறது. கிருமிகள் அந்தத் துளைகளின் வழியே உள்ளே செல்கின்றன. சில குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறக்கும். சில பொரித்து வந்தாலும் தொப்புள் ஆறாமல், வயிறு வீங்கி, முதல் வாரத்தில் இறக்கும். கோழியின் நெஞ்சிறகில் படிந்த நீர், அது திரும்ப அமரும் போதெல்லாம் மற்ற முட்டைகளின் மேல் தடவப்படும். ஆகவே வெடித்த பின் சுத்தம் செய்வதை விட, வெடிக்கும் முன் எடுத்துவிடுவதே சிறந்தது.

அடை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கூமுட்டையைக் குறைக்கும் வேலை அடை வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது.

1. எட்டு முதல் பத்து பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் இருக்க வேண்டும். சேவல் சேர்ந்து ஒரு வாரம் ஆன பின் இடும் முட்டைகளையே அடைக்குச் சேர்க்கவும்.

2. முட்டைகளை இட்ட அன்றே எடுத்துவிடவும். ஒரு வாரத்திற்கு மேற்பட்ட முட்டைகளை அடை வைக்க வேண்டாம். கோடையில் நான்கு நாட்களுக்குள் வைப்பது நல்லது.

3. முட்டைகளைச் சேர்த்து வைக்க மண்பானையே போதும். பானையில் பாதிக்கு மணல் நிரப்பி நீர் தெளித்து, மணலின் மேல் ஒரு தட்டு வைத்து, அதில் காய்ந்த துணி விரித்து முட்டைகளைக் கூர்முனை கீழாக இருக்கும்படி அடுக்கவும். பானை வாயைப் பருத்தித் துணியால் மூடி, நிழலில் வைக்கவும். ஈரம் முட்டையைத் தொடக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த முட்டையை அடைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

4. மிகப் பெரியவை, மிகச் சிறியவை, தோல்முட்டை, கோணல் முட்டை, கீறல் முட்டை ஆகியவற்றைக் கழித்துவிடவும். இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டினால், கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும்.

5. அழுக்கு முட்டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. சூடான முட்டை குளிர்ந்த நீரில் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் மேல் உள்ள அழுக்கையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறிது அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடைக்கலாம். எச்சம் அப்பிய முட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளவும்.

6. எல்லா முட்டைகளையும் ஒரே நாளில், மாலை மங்கிய பின் அடை வைக்கவும். ஒவ்வொன்றிலும் பென்சிலாலோ கரித்துண்டாலோ குறி இடவும். இது மிக முக்கியம். அடைக்கூடையில் வேறு கோழிகள் புகுந்து முட்டையிட்டுப் போவது உண்டு. பிந்தி வந்த அந்த முட்டைகள், மற்றவை பொரிக்கும்போது அரைகுறையாக நின்று அழுகும். குறி இல்லாத முட்டையைக் கண்ட அன்றே எடுத்துவிடவும்.

7. ஒரு கோழிக்கு அதன் உடல் மூடும் அளவே முட்டை வைக்க வேண்டும். குளிர் காலத்தில் 12 வரை வைக்கலாம். பெரிய கோழியானால் 15 வரை வைக்கலாம். கோடையில் 9 அல்லது 10 போதும். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால், ஓரத்தில் இருப்பவை மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும்.

8. கூடையின் அடியில் காய்ந்த மணலோ சாம்பலோ பரப்பி, மேலே புது வைக்கோல் இடவும். முன்பு அடை வைத்த பழைய வைக்கோலைப் பயன்படுத்தக் கூடாது. அடைக்கோழிக்குப் பேன் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பார்க்கவும். பேன் பிடித்த கோழி அமைதியாக உட்காராது.

வெளிச்சத்தில் பார்க்கும் முறை

உள்ளே இருப்பதை ஓட்டை உடைக்காமல் அறிய எளிய வழி ஒளிச்சோதனை. இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கை டார்ச் விளக்கு இருந்தால் போதும். இப்போது பலர் கையில் இருக்கும் செல்போன் விளக்கும் உதவும். ஒரு கெட்டி அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்ட ஓட்டை இட்டு, அதை விளக்கின் முன் வைத்துக்கொள்ளவும். வெளிச்சம் ஓட்டையின் வழியாக மட்டும் வர வேண்டும்.

இருட்டிய பின், கோழி அமைதியாக இருக்கும் நேரத்தில் பாருங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளவும். கோழியின் அடியிலிருந்து ஒரு முறைக்கு இரண்டு மூன்று முட்டைகளை மட்டும் எடுத்து, அகன்ற முனையை ஓட்டையின் மேல் வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்து, உடனே திரும்ப வைத்துவிடவும். முட்டையைக் குலுக்கிப் பார்க்கக் கூடாது. அடைக்கோழி தினமும் 15, 20 நிமிடம் இரைக்கு எழுந்து போகத்தான் செய்கிறது. ஆகவே சில நிமிடம் முட்டை வெளியே இருப்பதால் கெடுதல் இல்லை.

ஏழாம் நாள்: நல்ல கரு இருந்தால் நடுவில் ஒரு கருத்த புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்கள் போலச் சிவந்த நரம்புகள் பரவியிருப்பதும் தெரியும். ஒன்றும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கரு கூடாத முட்டை. நரம்புகள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு முதல் சில நாட்களிலேயே இறந்துவிட்டது என்று பொருள். ஓடு பழுப்பாக உள்ள முட்டைகளில் ஏழாம் நாள் சரியாகத் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் குறி வைத்து, பத்தாம் நாள் மறுபடி பார்க்கவும். அவசரப்பட்டு நல்ல முட்டையை எறிந்துவிடாதீர்கள்.

பதினான்காம் நாள்: முட்டையின் பெரும்பகுதி கருத்து, அகன்ற முனையில் காற்றறை மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். உற்றுப் பார்த்தால் குஞ்சு அசைவதும் தெரியும். நரம்புகள் மறைந்து, கலங்கல் நீர் போல் உள்ளே ஆடினால் கரு இறந்துவிட்டது.

பதினெட்டாம் நாள்: காற்றறை தவிர மற்ற இடம் முழுதும் கருத்திருக்கும். இதுவே கடைசிச் சோதனை. இதன் பிறகு குஞ்சு ஓட்டை உடைக்கத் திரும்பி அமர்கிறது. பொரித்து முடியும் வரை முட்டைகளைத் தொட வேண்டாம்.

கண், மூக்கு, விரல் ஆகிய மூன்றும் கருவிகளே

ஒளிச்சோதனை மூன்று நாட்களில்தான். ஆனால் தினமும் கோழி இரைக்கு எழும் நேரத்தில் கூடையை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். அழுகிய முட்டையின் அடையாளங்கள் இவை:

கூடையில் குமட்டும் வாடை. ஓட்டின் நிறம் மங்கி, சாம்பல் அல்லது கரும்பச்சைத் திட்டுகள். ஓட்டின் மேல் நீர்க்கசிவு அல்லது பிசுபிசுப்பு. மெல்லிய வெடிப்பில் நுரை.

கோழி எழுந்த உடனே தொட்டால் எல்லா முட்டையும் ஒரே சூடாக இருக்கும். இரண்டு வாரம் ஆன பின், உயிருள்ள முட்டை தானே சிறிது சூட்டை உண்டாக்குகிறது. கோழி எழுந்து பத்து நிமிடம் கழித்து மூடிய கண்ணிமையின் மேல் வைத்துப் பார்த்தால், கரு இறந்த முட்டை மற்றவற்றைவிடச் சில்லென்று இருக்கும். அனுபவம் உள்ள பெண்கள் பலர் இதை இன்றும் செய்கிறார்கள். இதை ஒரு துணைச் சோதனையாகக் கொள்ளலாம். ஒளிச்சோதனையிலும் உறுதியான பிறகே முட்டையை எடுக்கவும்.

சிலர் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இது அடை முட்டைக்கு வேண்டாம். ஓட்டின் காவல் பூச்சு போய்விடும். வெடிப்பு இருந்தால் நீர் புகுந்து உயிருள்ள குஞ்சும் இறந்துவிடும்.

இதில் ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் சந்தேகமாகத் தெரிந்த முட்டைக்குத் தவணை கொடுக்கலாம். வாடை வந்த முட்டைக்கும் கசிந்த முட்டைக்கும் தவணை கிடையாது. அன்றே, அப்போதே எடுத்துவிட வேண்டும்.

அகற்றும் முறை

அழுகிய முட்டையை இறுக்கிப் பிடிக்கவோ குலுக்கவோ குத்திப் பார்க்கவோ கூடாது. கையிலேயே வெடிக்கும். ஒரு பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மெல்ல எடுத்து, துணி விரித்த கொட்டாங்கச்சியிலோ பழைய சட்டியிலோ வைத்து வெளியே கொண்டுபோகவும். முகத்தருகே கொண்டுவர வேண்டாம்.

குடிநீர்க் கிணற்றிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தள்ளி, இரண்டு அடி ஆழக் குழி எடுத்து, முட்டையை இட்டு, சுண்ணாம்புத் தூள் தூவி மண்ணால் மூடவும். மேலே முள் வெட்டிப் போட்டால் நாய் தோண்டாது. குப்பைமேட்டில் எறிந்தால் நாய்க்கும் காக்கைக்கும் கீரிக்கும் முட்டை ருசி பழகிவிடும். பிறகு அவை அடைக்கூடையையே தேடி வரும். கோழிகளின் முன் உடைத்துப் போட்டால் அவையும் தம் முட்டையைத் தாமே கொத்தித் தின்னப் பழகும்.

ஏழாம் நாள் எடுத்த, வாடை இல்லாத தெளிவான முட்டைகளை நன்கு வேகவைத்து மசித்துக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம். வீட்டில் சமைப்பதற்கும் விற்பதற்கும் வேண்டாம். ஏழு நாள் சூட்டில் இருந்த முட்டை மனிதர் உண்ணத்தக்கதல்ல. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும். சால்மோனெல்லா போன்ற வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இவற்றில் இருக்கக்கூடும். ஆகவே இந்த வேலையைக் குழந்தைகளிடம் விடாதீர்கள்.

எடுத்த முட்டைக்குப் பதிலாகப் புது முட்டையை வைக்கக் கூடாது. நாள் பிந்திய முட்டை அடுத்த கூமுட்டையாகத்தான் முடியும். ஒரே நாளில் இரண்டு கோழிகளுக்கு அடை வைத்திருந்தால், ஏழாம் நாள் கழித்தது போக மீந்த நல்ல முட்டைகளை ஒரே கோழியின் அடியில் சேர்த்துவிடலாம், அவை அதன் உடலுக்குள் அடங்கினால். மற்றக் கோழிக்குப் புதிதாக ஓர் அடை வைத்துக்கொள்ளலாம்.

முட்டை வெடித்துவிட்டால்

எவ்வளவு கவனித்தாலும் சில சமயம் வெடித்துவிடும். மனம் தளர வேண்டாம். உடனே செய்தால் மீதி முட்டைகளில் சிலவற்றையாவது காப்பாற்றலாம்.

கோழியை மெல்லத் தூக்கி ஒரு கூடையில் கவிழ்த்து வைக்கவும். நல்ல முட்டைகளைப் பஞ்சு அல்லது துணி விரித்த பாத்திரத்தில் எடுத்து வைத்து மூடவும். பழைய வைக்கோல், மணல் அனைத்தையும் அகற்றிக் குழியில் புதைக்கவும். வேறு கூடையில் புது மணலும் வைக்கோலும் இடவும். இல்லாவிட்டால் அதே கூடையைச் சூடான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தவும்.

லேசாகத் தெறித்த முட்டைகளைக் காய்ந்த துணியால் உடனே துடைக்கவும். அதிகம் படிந்தவற்றை, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுக்கவும். நீரில் முக்கக் கூடாது. குளிர்ந்த நீர் கூடவே கூடாது. இந்த முட்டைகளில் தனிக் குறி இட்டு, அன்றாடம் முகர்ந்து பார்க்கவும். முழுதும் அழுகல் நீர் மூடிக் காய்ந்துவிட்ட முட்டைகளைக் கழித்துவிடுவதே நலம்.

கோழியின் நெஞ்சு, வயிற்று இறகுகளையும் அதேபோலத் துடைத்துக் காயவிட்ட பிறகே அடையில் விடவும். இதை மறந்தால் செய்த வேலை எல்லாம் வீண். இருவர் சேர்ந்து செய்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

பொரித்த பிறகு

முதல் குஞ்சு வெளிவந்து ஒரு நாள் வரை மற்றவற்றுக்குப் பொறுத்திருக்கவும். பிறகு மீந்த முட்டைகளைக் காதருகே வைத்துக் கேட்டு, உள்ளே கீச்சொலியோ கொத்தும் ஒலியோ இல்லாவிட்டால் எடுத்துவிடவும். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் வேறு சுத்தமான இடத்திற்கு மாற்றி, ஓடுகளையும் வைக்கோலையும் புதைத்து, கூடையைக் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்கவும்.

தொப்புள் ஈரமாகவும், வயிறு உப்பியும், சோர்ந்தும் உள்ள குஞ்சுகளைத் தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளவும்.

கூமுட்டை சொல்லும் பாடம்

கழித்த முட்டைகளை எண்ணாமல் புதைத்துவிடாதீர்கள். எந்த வகை எத்தனை என்று காலண்டரில் குறித்து வைத்தால், அடுத்த அடைக்கு எதைத் திருத்த வேண்டும் என்று அதுவே சொல்லும்.

தெளிவான முட்டைகள் அதிகமா? குறை சேவலிடம் இருக்கலாம். சேவல் கிழடாகியிருக்கும், நோயுற்றிருக்கும் அல்லது பெட்டைகள் அதிகமாக இருக்கும்.

சிவப்பு வளையம் அதிகமா? முட்டை பழையதாக இருந்திருக்கும் அல்லது அடைக்கு முன் வெயில் சூட்டில் கிடந்திருக்கும். கோடையில் ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் பரணில் வைத்த முட்டையில், அடை வைக்கும் முன்பே கரு வளரத் தொடங்கி இறந்துவிடும்.

வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள் இறந்திருக்கிறதா? கோழி நெடுநேரம் எழுந்து போயிருக்கலாம், முட்டை அதிகமாக இருந்திருக்கலாம் அல்லது கூடை இருந்த இடம் மிக உலர்ந்திருக்கலாம். ஒரே சேவலின் வழியில் வந்த கோழிகளோடு அதே சேவலைப் பல ஆண்டு விட்டாலும் இது நேரும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேற்றூரிலிருந்து சேவலை மாற்றுங்கள்.

அழுகியவை அதிகமா? முட்டையைக் கழுவியது, ஈர வைக்கோல், கீறல், எச்சம் ஆகியவற்றைச் சந்தேகிக்கவும். ஓடு மெலிந்து அடிக்கடி கீறினால், கோழிக்குக் கிளிஞ்சல் தூளும் கீரையும் கொடுக்கவும்.

இடியும் இரும்பும்

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்று சொல்லி, அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடும் வழக்கம் உண்டு. போடுவதால் முட்டைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இடி முட்டையை அழுகச் செய்வதில்லை. இடியோடு வரும் மழையில் கூரை ஒழுகிக் கூடை நனைவதும், கோழி மிரண்டு எழுவதும், முட்டை குளிர்வதும்தான் காரணம். ஆகவே இரும்பைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கூரை ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்.

சிறு பொரிப்பான் வைத்திருப்போருக்கு

இப்போது 50, 100 முட்டை கொள்ளும் சிறு மின் பொரிப்பான்களைச் சிலர் வாங்கியுள்ளனர். சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் சீராக இருக்க வேண்டும். இதில் அழுகிய முட்டையின் ஆபத்து இன்னும் அதிகம். மூடிய பெட்டிக்குள் வெடித்தால் காற்றோடு கிருமி எல்லா முட்டைக்கும் பரவும். ஆகவே மேற்சொன்ன மூன்று நாள் சோதனையைத் தவறாமல் செய்யவும். ஒவ்வொரு பொரிப்புக்குப் பின்னும் மின் இணைப்பைத் துண்டித்து, தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைத்த பின்பே அடுத்த முட்டைகளை வைக்கவும்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான் முட்டையிட்டு அடைக்கு வரும். ஓர் அடை வீணானால் முட்டைகளோடு அந்தக் கோழியின் ஒரு மாத உழைப்பும் போகிறது. கவனமாகச் செய்தால் பத்து முட்டைக்கு ஏழு எட்டுக் குஞ்சுகளை எதிர்பார்க்கலாம். அதற்கு வேண்டிய செலவு ஒரு டார்ச் விளக்கும், மூன்று இரவுகளில் கால் மணி நேரமும்தான்.

அடுத்த முறை அடை வைக்கும் நாளில், சுவரில் உள்ள காலண்டரில் ஏழு, பதினான்கு, பதினெட்டாம் நாட்களில் வட்டம் போட்டு வையுங்கள். வீட்டில் கோழியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் "வாடை வருது" என்று சொன்னால், அதை உடனே கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேட்டுக்கொண்டால், உங்கள் கூடையில் குஞ்சுகள் குறையாது.